பிரிக்காத கம்பளி

ஈராக்கில் சண்டைக்குள் அகப்பட்ட சனங்களுக்குக் குளிர்காலத்துக்கென்று அனுப்பும் கம்பளிகளை, குவைத்தின் ஃபர்வானியாவில் நான் வேலை பார்க்கும் கடையில் கட்டிக்கொண்டிருந்தேன். குனிந்தபோது புதுக் கம்பளியும் பொலித்தீனும் கலந்த மணம் முகத்தில் அடித்தது.

அந்த மணம் ஆறு வயதில் பழகியது. ஷெல்லடிக்குத் தப்பி வன்னிக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மாரி மழையில் சீமெந்துத் தரை காயவே இல்லை. நிவாரணமாகக் குடும்பத்துக்கு ஒரு கம்பளி தந்தார்கள். அம்மா அதை உறை பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்தார்.

“இந்த ஈரத்துக்க விரிச்சுப் பழுதாக்கக் கூடாது. வீட்ட போய் எடுப்பம்.”

அம்மா அப்படித்தான். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கோப்பைகளில் நாங்கள் ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை. அவற்றையும் விட்டுவிட்டுத்தான் ஓடிவந்தோம். நானும் தம்பியும் அம்மாவின் பழைய சேலைக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். பகலில் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கில் ஏறி, உறையில் மூக்கை வைத்து மணப்பேன். தம்பிக்கு இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது.

வீட்டுக்குப் போகவில்லை. ஒரு காலையில் அம்மா அந்த உறையைக் கிழித்தார். தம்பியைச் சுற்றிப் புதைக்கக் கொண்டுபோக எங்களிடம் வேறு நல்ல துணி இருக்கவில்லை.

“என்னப்பா, கவரையெல்லாம் கிழிச்சுப் போட்டிருக்கே?” கீழக்கரைக்காரரான கடை முதலாளி பாய் பின்னால் நின்றார். “புதுசாப் போய்ச் சேந்தாத்தானே அவங்களுக்கு மரியாதை.”

“கவரோட போனா பத்திரமா எடுத்து வைச்சிடுவினம், பாய்.”