ஜெனரலுக்கு எடுத்த ஆரத்தி

என் அப்பா பட்டாளத்தில் சுபேதார். அவனியாபுரத்தில் அவரை ஜெனரல் ஆக்கியவர் என் சித்தப்பா. ஓய்வு பெற்று வந்தவரை வார்டு தேர்தலில் நிறுத்தியதும் அவர்தான். ஃப்ளெக்ஸில் அப்பாவுக்குப் பின்னால் ஒரு பீரங்கி, இரண்டு போர் விமானங்கள், 'எல்லை காத்த எங்கள் ஜெனரலே!' என்று கொட்டை எழுத்து. அப்பா கூச்சத்தில் நெளிந்தார்.

"விடுண்ணே, மருதையில ஃப்ளெக்ஸுல பொய் இல்லாட்டித்தான் சனம் சந்தேகப்படும்" என்றார் சித்தப்பா.

எனக்கு அப்போது பத்து வயது. அதுவரை அப்பா என்றால் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர். "இனிமே அப்பா எங்கயும் போகமாட்டேன் பாப்பா" என்று அவர் சொன்ன அன்று, தெருவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேர்தல் வந்தது. விடிந்தால் ஜீப், பொழுது சாய்ந்தால் மீட்டிங். எல்லையில் இருந்தபோதாவது ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார். ஒரே வீட்டில் இருக்கிற அப்பாவுக்காகவா ஒரு பிள்ளை இப்படி ஏங்கும்! ஏங்கினேன். இன்றைக்கும் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.

பிரச்சார ஜீப் எல்லாத் தெருவிலும் நின்றது, எங்கள் தெருவைத் தவிர. சொந்தத் தெருவில் ஓட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சலாம். மற்ற தெருக்களில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க, அப்பா ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். அது போதுமே எனக்கு! பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கி, தாம்பாளத்தோடு அடுத்த தெரு வரிசையில் போய் நின்றுவிட்டேன்.

ஜீப் வந்தது. அப்பா இறங்கி என் முன்னால் நின்றார். சுற்றி முடித்து, எக்கி, அவர் நெற்றியில் பொட்டு வைத்தேன். வேர்வையில் விரல் வழுக்கியது. அப்பா கைகூப்பி, "மறந்துறாதீங்கம்மா" என்றார். அதற்குள் அவர் கண் அடுத்த வாசலுக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு ஒரே ஓட்டம்.

"எம்மா, அப்பாவுக்கு நான் ஆரத்தி எடுத்தேன்! எங்கிட்ட 'மறந்துறாதீங்கம்மா'ன்னாரு!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"உன்னயவா வாங்க போங்கன்னாரு?"

"ஆமா, எம்புட்டு மரியாதைங்கிற!"

அம்மா ஈரக்கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். விடவே இல்லை. தேர்தலில் தோற்றுவிடுவாரோ என்று பயந்துதான் அழுகிறாள் போல என்று நினைத்து, "அழாதம்மா, அப்பாதான் ஜெயிப்பாரு" என்று தேற்றினேன்.