என் பெயரில் ஐந்து பேர்

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர், ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், அதிலிருந்து இழுத்த வயர்களின் முனையில் திரையும் கீபோர்டுமாக ஐந்து டெர்மினல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நானே ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுதி ஒட்டியிருந்தேன். முதலாளிக்கு அடுத்தபடியாக அங்கே சேர்ந்தது நான்தான். வேலையும் எனக்கு நன்றாக வரும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுதும் புரோகிராம்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஒரு மென்பொருள் நிறுவியிருந்தோம். யார் எந்தக் கோப்பை, எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று அது வரிசையாகக் குறித்துக்கொள்ளும். மாற்றத்தை உள்ளே அனுப்புவதற்குப் பெயர் கமிட். அதை நிறுவியவளும் நானே என்பதால், அந்தக் கோப்புகளும் அவை இருந்த டைரக்டரிகளும் என் பெயரில் இருந்தன. விளைவு, நான் கமிட் செய்தால் போகும். மற்றவர்கள் செய்தால் ‘பர்மிஷன் இல்லை’ என்று திரையில் ஒரு வரி வந்து நிற்கும்.

எல்லோரும் அந்தக் கோப்பின் பர்மிஷனைத் திறந்து விடச் சொல்லி என்னிடம் வருவார்கள். நானும் திறந்து விடுவேன். மறுபடி அதே வரி. காரணம் எளிது. அந்த மென்பொருள் பழைய கோப்பில் எழுதுவதே இல்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கி, பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும். அதனால் அனுமதி வேண்டியது கோப்புக்கு அல்ல, அது இருக்கும் டைரக்டரிக்கு. பீரோ பூட்டியிருக்கும்போது உள்ளே இருக்கும் புடவையின் மடிப்பைப் பிரித்து என்ன பயன்? முதலாளியிடம் இயந்திரத்தின் தலைமை பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் ரூட் என்கிற அந்தத் தலைமை லாகினில் நுழைந்து கமிட் செய்தால், யார் செய்தது என்று தெரியாது என்பதற்காக அந்த மென்பொருள் அதையும் ஏற்காது. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

கடைசியில் குறுக்கு வழிதான் வழக்கமாயிற்று. “அக்கா, உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க” என்றார்கள், சொன்னேன். அதற்குப் பிறகு யாருக்கு அந்த வரி வந்தாலும், தன் லாகினை விட்டு வெளியே வந்து என் பெயரில் நுழைந்து வேலையை முடித்துக்கொள்வார்கள். சரியான தீர்வு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மணி நேர வேலை. செய்யவில்லை. ஆபீஸ் முழுக்க என் பெயரில் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

பம்மலில் ஷூவுக்கு மேல்தோல் வெட்டும் ஒரு பட்டறை எங்கள் வாடிக்கையாளர். எந்த அளவில் எத்தனை ஜோடி என்று வெட்டுபவர்களுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பது எங்கள் புரோகிராம். ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கிருந்து போன். சீட்டில் ஆறரை எல்லாம் ஆறாகவும், ஏழரை எல்லாம் ஏழாகவும் வந்திருக்கிறது. அரை அளவு மொத்தமும் சிறியதாக வெட்டிவிட்டார்கள். வெட்டிய தோலை நீட்ட முடியாது.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். கையில் சீட்டு அடிக்கும் கோப்பின் மாற்ற வரலாறு அடித்த காகிதம். கடைசி மாற்றம் வெள்ளிக்கிழமை. செய்தவர் இடத்தில் என் பெயர்.

“என்னம்மா இது? டெஸ்ட் பண்ணாம போட்டிருக்கே?”

“சார், வெள்ளிக்கிழமை நான் லீவு. குன்றத்தூர்ல அக்கா பையனுக்கு மொட்டை. நீங்கதானே லீவு குடுத்தீங்க?”

அவர் சற்று யோசித்தார். “அப்ப உன் லாகின்ல வேற யாரோ. யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அவங்களை வெச்சுக்க முடியாது. பார்ட்டிக்கு நான் பதில் சொல்லணும்.”

வெளியே வந்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது போல இருந்தது. கூட வேலை பார்த்த ஆண்கள் இரண்டு பேரும் அந்த வெள்ளிக்கிழமை முழுக்கப் பம்மலில் பிரிண்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆள், புதிதாகச் சேர்ந்தவள். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கத்தில் பஸ் மாறித் தாம்பரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஆபீஸ் வருவாள். அம்மா மீன் விற்று அவளைப் படிக்க வைத்திருந்தார். ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமானால், வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். என் பாஸ்வேர்டை அதிகம் உபயோகித்தவளும் அவள்தான்.

இருந்தாலும் ஆதாரம் இல்லாமல் பேச மாட்டேன் என்று ஒரு கொள்கை எனக்கு. யார் எந்த டெர்மினலிலிருந்து எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்று இயந்திரம் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். அதை அடித்து எடுத்தேன். தப்பான கமிட் நடந்த நேரம், வரலாற்றின்படி, பத்து நாற்பது. என் பெயரில் மூன்றாம் நம்பர் டெர்மினலில் நுழைந்தது பத்தே காலுக்கு, வெளியேறியது பதினொன்று இருபதுக்கு. மூன்றாம் நம்பர் அவளுடையது. இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன்.

“பம்மல் சீட்டுல கை வெச்சது நீதான். பத்து நாப்பதுக்கு. நீயே போய் சார்கிட்ட சொல்லிடு, அது மரியாதை.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “நான் இல்லக்கா. நான் அதைத் தொடவே இல்ல.”

“காகிதம் பொய் சொல்லுமா?”

இப்போது எழுதும்போதும் அந்தக் கேள்வி எனக்குக் காது கூசுகிறது. எவ்வளவு தெனாவட்டு! அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. காகிதங்களை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். பிறகு தன் டெர்மினலில் வேறொரு கோப்பின் வரலாற்றைத் திரையில் கொண்டுவந்தாள். ஆபீஸில் எப்போதும் அளந்து அளந்து பேசுகிறவள், அன்றைக்கு அதை மறந்துவிட்டாள்.

“இத பாருக்கா. இது நான் போட்டது, வெள்ளிக்கெழம. ஒத்துக்கறேன். டீ குடிச்சிட்டு வந்து பதினோரு மணிக்குப் போட்டேன். இதுல இன்னா போட்டுகீது? காலைல அஞ்சரை. அஞ்சரைக்கு நான் வூட்டாண்ட பல்லு வெளக்கிகினு இருந்திருப்பேன். இங்க எப்டி வந்து போட்டேன்?”

குனிந்து பார்த்தேன். அஞ்சரைதான். பதினொன்றுக்கும் அஞ்சரைக்கும் நடுவே எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி நேரம். அந்த மென்பொருள் நேரத்தை நம் கடிகாரப்படி எழுதவில்லை, லண்டன் கடிகாரப்படி எழுதியிருக்கிறது. லாகின் குறிப்பு மட்டும்தான் நம் நேரம். மாதக்கணக்காக அந்த வரலாற்றைப் புரட்டியிருக்கிறேன். என் பெயரைப் பார்த்துப் பூரித்திருக்கிறேனே தவிர, பக்கத்தில் இருந்த நேரத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்படியென்றால் தப்பான கமிட் நடந்தது பத்து நாற்பதுக்கு அல்ல, மாலை நாலு பத்துக்கு. அவள் விரல் லாகின் குறிப்பில் கீழே இறங்கியது. நாலு மணிக்கு என் பெயரில் ஒரே ஒரு நுழைவு. ஐந்தாம் நம்பர் டெர்மினல்.

இரண்டு பேருமே தலையைத் திருப்பி முதலாளியின் அறைக் கதவைப் பார்த்தோம்.

நான் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே போய் இரண்டு காகிதங்களையும் அவர் முன்னால் வைத்தேன். ஐந்தரை மணி நேர விவகாரத்தைச் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த டெர்மினலின் தலையில் ஒட்டியிருந்த ஐந்தாம் நம்பரையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி படித்தார்.

“அட, ஆமாம்மா. வெள்ளிக்கிழமை பார்ட்டி போன் பண்ணான். சீட்டுல பாயிண்ட் சைபர் பாயிண்ட் சைபர்னு வருது, அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்கன்னான். ஒரு வரிதானேன்னு நானே மாத்தினேன். ரூட்ல போட்டா ஒத்துக்கல. அதான் உன் லாகின்ல...”

ஏழு புள்ளி சைபரில் சைபரை எடுக்கப் போய், ஆறு புள்ளி ஐந்தில் ஐந்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார். செய்ததை முழுக்க மறந்தும் போயிருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்பினேன். ஆனால் விடவில்லை.

“சார், அவங்களை வெச்சுக்க முடியாதுன்னீங்க. இப்ப யாரை?”

அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பம்மலுக்கு அவரே போன் செய்து, தப்பு தன்னுடையது என்று சொன்னார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவளுடைய நிரந்தர ஆர்டர் அன்று மாலையே டைப் ஆனது. தலைமை பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். “அந்த பர்மிஷன் கண்றாவியை இன்னிக்கே சரி பண்ணிடும்மா.”

செய்தேன். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு குரூப் உண்டாக்கினேன். டைரக்டரிகளை எல்லாம் அந்த குரூப்புக்கு மாற்றி, குரூப்பில் உள்ளவர்கள் எழுதலாம் என்று திறந்துவிட்டேன். உள்ளே புதிதாக எது உண்டானாலும் அதுவும் தானாகவே அந்த குரூப்புக்குப் போகும்படி ஒரு குறியும் போட்டேன். புதுக் கோப்புகளில் குரூப்பின் அனுமதியை வெட்டாமல் இருக்க, ஒவ்வொருவர் லாகினிலும் ஒரு வரி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியாக என் பாஸ்வேர்டை மாற்றினேன். அதன் பிறகு அந்த ஆபீஸில் பர்மிஷன் தகராறு என்று யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அந்த வேலையில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கமிட் வேண்டியிருந்தது. பம்மல் சீட்டைத் திருத்தும் வேலையை அவளிடமே கொடுத்தேன். அவள் அந்த வரியை மாற்றி, ஆறரையும் ஏழும் எட்டரையும் போட்டு மூன்று தடவை சீட்டு அடித்துப் பார்த்துவிட்டு, தன் சொந்த லாகினில் கமிட் செய்தாள். போயிற்று. வரலாற்றை எடுத்தோம். அந்த ஆபீஸில் முதன்முறையாக அவள் பெயர்.

“மன்னிச்சிடும்மா. அந்த நேரத்தை நான் தப்பாப் படிச்சிட்டேன்” என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“நேரத்த அப்புறந்தான பாத்தீங்க, அக்கா? மொதல்ல என்னப் பாத்தீங்க.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “ஆமா” என்றேன்.