கல்வீட்டு வாசலில் மூன்று மொழிகள்

அந்த ஆட்டுக்காரரைப் பற்றிக் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். பெயரைக்கூடக் கேளாமல் வந்துவிட்டவன், அக்குறையைக் கற்பனையால் நிரப்புதல் முறையன்று.

கிருஷ்ணகிரிக்கு அப்பால், மாண்டவர்க்காகப் பண்டையோர் எழுப்பிய கல்வீடுகளைக் காண, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் ஒரு மார்கழிக் காலையில் என் மக்கள் இருவருடன் குன்றேறினேன். உள்ளே புகுந்து பார்த்தே தீர்வதென்று வழியெல்லாம் சூளுரைத்த பதினான்கு வயது மகள், வாசலாயிருந்த பலகைக்கல்லின் வட்டத் துளைமுன் தயங்கி நின்றாள்.

"அவ்வளவுதானா அக்கா உன் வீரம்?" என்றான் தம்பி.

பனிமூட்டத்திலிருந்து கறுப்புக் கம்பளி போர்த்த அந்த ஆட்டுக்காரர் வெளிப்பட்டார். கோலால் கல்லைத் தட்டி, தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றையே சொன்னார்: "பாப்பா வருது, கொஞ்சம் நகந்துக்குங்க." மழைக்கு ஒதுங்கும்போதெல்லாம் அவர் அப்படிக் கேட்டுத்தான் நுழைவாராம்.

"எதுக்குங்க மூணு பாஷை?" என்று மகன் சிரித்தான்.

"உள்ள இருக்கறவங்க எந்தப் பாஷைக்காரங்களோ, யார் கண்டது சாமி? உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லேன்."

மகள் தவழ்ந்து உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து அமைதியான முகத்துடன் வெளிவந்தாள்.

"பயமா இருந்துச்சாம்மா?" என்றேன்.

"இல்லப்பா. நகந்துக்கிட்டாங்க."

ஆட்டுக்காரர் அதற்குள் பனியில் மறைந்திருந்தார். மூன்றில் எம்மொழி அவர்களுக்கு விளங்கிற்று என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.