பத்து எண்ணும் வரை

நான் தொங்கிப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதனின் வலது கை முறிந்தது. கையைவிடப் பெரிய ஒன்றும் முறிந்தது... பதினோரு வருடங்களாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

"தொங்கிப் பார்ப்பதா? அது என்ன கூத்து?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய தேனிரும்புச் சரவிளக்குகள் என் பிழைப்பு. மும்பையில் ஜூமர் என்பார்கள். இடிக்கப் போகிற பங்களாக்களிலிருந்து கழற்றி வந்து, துருவைச் சுரண்டி, மெழுகு தேய்த்து, ஒரு காலத்தில் மெழுகுவர்த்தி நின்ற கிண்ணங்களில் பல்பு வைத்து, பிளாட் வீடுகளின் கூரையில் மாட்டிக் கொடுப்போம். கண்ணாடி ஜூமர் மாதிரி இது கண்ணைப் பறிக்காது. கன்னங்கரேலென்று இருக்கும். முறுக்கிய கம்பிகளும், சம்மட்டி அடி தெரிகிற இரும்பு இலைகளுமாக, பார்க்கப் பார்க்கத்தான் பிடிக்கும். எடை மட்டும் நாற்பது கிலோவுக்குக் குறையாது.

ஒற்றை ஆள் செய்கிற வேலையா இது? எனக்கு இசக்கி இருந்தான். அவன் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பத்தொன்பது வயதில் தூத்துக்குடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன். படுக்க இடமில்லாமல் நின்றவனைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய், "ஏல தங்கராசு, இங்க சோறு இருக்கு, பாய் இருக்கு, வேற என்னல வேணும்?" என்று கேட்டவன் அவன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர் ஒரு ஆள்.

கூரையில் துளை போட்டுக் கொக்கி இறக்குவது இசக்கி. ட்ரில் மெஷினை அவன் பிடித்தால் கை நடுங்காது. சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே கல்லா, காரையா என்று சொல்லிவிடுவான். என் வேலை வேறு. கொக்கி இறங்கியதும் அதில் ஒரு குறுக்குக் கம்பியை மாட்டுவோம். ஸ்டூலில் ஏறி அந்தக் கம்பியை இரண்டு கைகளாலும் நான் பிடித்துக்கொள்வேன். இசக்கி ஸ்டூலை உருவிவிடுவான். நூற்றுச் சொச்சம் கிலோ உடம்போடு நான் அந்தரத்தில் தொங்க, அவன் கீழே நின்று எண்ணுவான். வாய் நிறையத் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறவன், எண்ணுவது மட்டும் ஹிந்தியில். "ஏக்... தோ... தீன்..." தஸ், அதாவது பத்து, வந்ததும் நான் "பக்கா!" என்று கத்துவேன். அதன் பிறகுதான் ஜூமர் மேலே ஏறும். நான் பக்கா சொல்லாமல் ஒரு விளக்கையும் அவன் மாட்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நிம்மதியாக அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் தொழிலே அந்தப் பத்து எண்ணிக்கைதான்!

அந்த நாளுக்கு வருகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி. ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமி தனியாக இருந்தார். நவராத்திரிக்கு ஹாலில் கொலு. கொலுவுக்கு மேல் இரும்பு ஜூமர் எரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு கைகளும் கொடிபோல வளைந்த ஒரு ஜூமரை அவரே எங்கள் கடையில் தேடி எடுத்திருந்தார். நாங்கள் போன நேரம் கொலுவுக்கு வந்த ஐந்தாறு பெண்கள் சோபாவிலும் பாயிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்கோ, மனுஷா வந்துண்டே இருப்பா" என்றார் மாமி.

அன்று காலை தாதரில் இரயில் மாறி ஏறும்போது என் பேண்ட் பின்பக்கம் தையல் விட்டுவிட்டது. சாண் நீளம். சட்டையை வெளியே எடுத்துவிட்டு மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கையைத் தூக்கித் தொங்கினால்? சட்டை மேலே ஏறும்...

அவ்வளவுதான். காரணம் அவ்வளவேதான். ஒரு கிழிந்த பேண்ட்! வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன், தெரியுமா?

இசக்கி துளை போட்டுக் கொக்கியை இறக்கினான். இறங்கி வந்து நெற்றியைச் சுருக்கினான். "ட்ரில்லு கொஞ்சம் சட்டுன்னு போயிட்டுல. மேல எப்பவோ பூசி ஒட்டுப் போட்டிருப்பாவ போலுக்கு. நீ நல்லாத் தொங்கிப் பாரு" என்றான். அதற்குள் கீழே டெம்போக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். நிறுத்தக் கூடாத இடமாம். "நீயே எண்ணிக்க, நான் போய் ஜூமர எறக்கிட்டு வாரேன்" என்று அவன் ஓடினான்.

நான் ஸ்டூலில் ஏறினேன். கொக்கியை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். பின்னால் ஒரு பெண் எதற்கோ சிரித்தாள். என்னைப் பார்த்துத்தானா? இன்றுவரை தெரியாது. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

டெம்போக்காரனும் அவனுமாக ஜூமரைத் தூக்கி வந்தார்கள். வாசலிலேயே இசக்கி மூச்சு வாங்கக் கேட்டான். "தொங்குனியால?"

"பக்கா" என்றேன்.

அவன் நெற்றிச் சுருக்கம் அப்படியே போய்விட்டது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கேள்வி கேட்க அவனுக்குத் தோன்றவேயில்லை. ஏன் தோன்றும்? இருபது வருடத்தில் ஒரு நாளும் நான் பொய்யாகப் பக்கா சொன்னதில்லையே.

மாட்டிய ஐந்தாம் நாள், ஒரு பல்பு விட்டு விட்டு எரிகிறது என்று மாமி போன் செய்தார். நான் கடையில் இருந்தேன். இசக்கி போனான். ஸ்டூலில் ஏறி, ஜூமரின் ஒரு கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியிருக்கிறான். கொக்கி, காரை, விளக்கு எல்லாம் சேர்ந்து அவன்மேல் இறங்கின. முந்தின நாள் மாலை அதே இடத்தில் நான்கு குழந்தைகள் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்ஸியில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். 'இசக்கி, நான் தொங்கலைடா, என்னை மன்னிச்சிரு...' சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்! நம்புவீர்களா?

வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு. என்னைப் பார்த்ததும் அவன் முந்திக்கொண்டான்.

"தப்பு எங்கையிலதாம்ல. நீ தொங்கும்போது நின்னுருக்கு, இல்லியா? நூறு கிலோவத் தாங்குன கொக்கி நாப்பது கிலோவுக்கு எப்படில விழும்? நீ தொங்குன பெறவு நாந்தான் ஸ்பானர வச்சு ஒரு சுத்து கூடுதலா முடுக்குனேன். அதுலதான் உள்ள பொளந்திருக்கும். மாமிகிட்டயும் சொல்லிட்டேன். உன்னைய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுல்லா."

கவனித்தீர்களா? என் பொய்யை நம்பினான்; நம்பியதால் வேறு வழியில்லாமல் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டான். நான் தொங்கியது உண்மையென்றால் அவன் முடுக்கியதுதான் பிழை! கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. ஒரு வார்த்தையில் நான் அதை உடைத்திருக்கலாம்.

"உடம்பப் பாத்துக்க" என்றேன். அதைத்தான் சொன்னேன்! அவனுக்காக வாங்கிப் போன சாத்துக்குடியை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவன் வாயில் வைத்துவிட்டு வந்தேன். சண்டாளன்!

எலும்பு கூடிவிட்டது. கை முன்போல் இல்லாவிட்டாலும் வேலைக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் இசக்கி ட்ரில்லைத் தொடவில்லை. "எங்கைய நம்பி யார் தலைக்கு மேலயும் எதையும் மாட்ட மாட்டேம்பா" என்றான். கோவண்டிக்கு வீடு மாறினான். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட்மேன் வேலை. வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட அவன் மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாளாம். சுவரைத் தட்டியே கல்லா காரையா என்று சொன்னவன்!

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஒளிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் செம்பூரில் என் வீட்டுக்கு மீன்குழம்போடு வருவான். நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். "ஏல, இருக்கியா?" என்று இரண்டு தடவை கூப்பிடுவான். பிறகு தூக்குச்சட்டியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவான். அவன் செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்ததும் எடுத்துச் சாப்பிடுவேன். ஆமாம், சாப்பிடுவேன்! கழுவிக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்து வைப்பேன். ஒன்றரை வருடம் அப்படி வந்தான். பிறகு வருவது நின்றுவிட்டது. அதன் பிறகு என் கதவை அப்படி உரிமையோடு தட்ட ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதென்றாலும் என் சார்பில் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அதுவும் அதோடு போயிற்று.

விழுந்த ஜூமரைத் தன் கண்ணில் காட்ட வேண்டாம் என்றார் மாமி. எடுத்து வந்து என் ஒற்றை அறையில் மாட்டியிருக்கிறேன். தாழ்வான கூரை, என் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கிறது. வளைந்துபோன ஒரு கையை நிமிர்த்தவில்லை. வயர் கொடுக்கவில்லை. சமையல் மேடைக்குப் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அதன் கொக்கியில் மட்டும் இருபது முறை தொங்கிப் பார்த்தேன்... இனி பார்த்து என்ன பிரயோசனம்? யாரும் வராத வீட்டில் அது யார் தலையில் விழப் போகிறது?

போன மாதம் இசக்கியிடமிருந்து போன் வந்தது. எடுத்துவிட்டேன்.

"ஏல தங்கராசு! உயிரோடதான் இருக்கியா? மக செல்வி சான்பாடாவுல வீடு வாங்கியிருக்கா. சாப்பாட்டு மேசைக்கு மேல பழைய இரும்பு ஜூமர்தான் வேணுங்கா. அப்பன் பொழப்பு ரத்தத்துல ஊறிப் போச்சு, என்ன செய்ய? ட்ரில் போட வேற ஆள் இருக்கான். நீ வந்து தொங்கு. நீ பக்கான்னு சொன்னாத்தான் அதுக்கடியில எம்புள்ளைய உக்கார விடுவேன்."

போனேன். தலை முழுக்க நரைத்திருந்தான். பதினோரு வருடமாக ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெலிஞ்சுட்டியே, கொக்கி ஏமாந்திரும் போலுக்கே!" என்று சிரித்தான்.

கொக்கி இறங்கியது. நான் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். ஸ்டூலை அவனே இடது கையால் உருவினான். "ஏக்... தோ... தீன்..." செல்வி பக்கத்தில் நின்று கைதட்டினாள். நான் தொங்கினேன். முழு உடம்பையும் விட்டுத் தொங்கினேன். தஸ் வந்தது. இறங்கத் தோன்றவில்லை. அவனும் நிறுத்தவில்லை. க்யாரா, பாரா... பீஸ் வரை, இருபது வரை எண்ணினான். என் தோள் இற்றுவிழுகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது.

அப்போதுதான் கேட்டான். குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காமல்.

"அன்னைக்கும் இப்படித்தானல தொங்குன? பத்து வரைக்கும்?"

கடவுள் என் கையில் கொண்டுவந்து கொடுத்த நேரம் அது! வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? இல்லை என்ற ஒரே சொல்... அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் சந்தேகம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது. நான் இல்லை என்று சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கம். தன் கை குற்றமற்றது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று அவன் பதினோரு வருடமாகக் காத்திருந்திருக்கிறான்.

"பக்கா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஸ்டூலை என் காலுக்கடியில் தள்ளி வைத்தான். பிறகு மகளைப் பார்த்து, "இனி பயமில்லாம அடியில உக்காந்து சாப்பிடு தாயி. இவன் வாக்கு ஒருநாளும் தப்புனதில்ல. தப்புனது அப்பன் கைதான்" என்றான்.

அன்று அங்கேயே சாப்பிட்டேன். மீன்குழம்பு. அவன் இடது கையால்தான் பரிமாறினான்.

இவ்வளவையும் இங்கே எழுதிவிட்டேனே, தைரியம் வந்துவிட்டதா என்று நீங்கள் நினைக்கலாம். தைரியமா! இசக்கி படித்தது முனிசிபாலிட்டிப் பள்ளியில், ஹிந்தி வழியில். செல்விக்கு இங்கிலீஷ். அந்த வீட்டில் தமிழ் பேச எல்லோருக்கும் தெரியும். வாசிக்க ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஹிந்தியிலும் எழுத வரும். இருந்தும் இதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.