பந்தல் காலைப் பிடித்தவன்

நான் போட்ட பந்தல் போன ஞாயிற்றுக்கிழமை பறந்துபோச்சு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் — என் பந்தல் காற்றுக்கு விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கடப்பாரை பிடித்துக் குழி தோண்டியே சொந்த லாரி வாங்கியவன். பெருமைதான். இருக்கக் கூடாதா?

ஆனால் இந்தப் பந்தலை நானேதான் போகவிட்டேன்.

பூஞ்சேரியில் என் மச்சான் ஏழுமலை மகளுக்கு நிச்சயதார்த்தம். என் மனைவியின் தம்பி. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் தகர ஷீட் பந்தல். கூடுவாஞ்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாச்சு. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

அப்போது எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தின. இடி மின்னல், பலத்த காற்று, வெளியே நிற்காதீர்கள் என்று எச்சரிக்கை. என்ன செய்தார்கள்? விரலால் தள்ளிவிட்டுக் காபியைக் குடித்தார்கள்.

"இது தெனம் கத்திகினுதான் கீது மாமா. ஊரப்பாக்கத்துல மழ பேயும், இங்க தூறல்கூட வராது," என்றான் ஏழுமலை.

நான் தோரணத்தைப் பார்த்தேன். மதியத்திலிருந்து வீசிய கடல்காற்று பொசுக்கென்று நின்றிருந்தது. மேற்கே, திருக்கழுக்குன்றம் பக்கம், வானம் மையாய்க் கறுத்திருந்தது. கோடையில் இந்த இரண்டும் சேர்ந்தால் சூறைக்காற்று வரும் என்று தொழில்காரனுக்குத் தெரியும்.

"எல்லாரும் ஹாலுக்குள்ள போங்க. ஜன்னல் பக்கம் நிக்காதீங்க."

பெண்கள் எழுந்தார்கள். அதற்குள் காற்று வந்துவிட்டது.

நம்ம ஊர் ஆம்பளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டே — பந்தல் ஆடினால் ஆளுக்கொரு காலைக் கட்டிப்பிடித்துக்கொள்வது. மேலே இருப்பது தகரம். காற்று தூக்கினால் காலோடு ஆளையும் தூக்கும். விழுந்தால் கழுத்தை அறுக்கும். கரண்ட் ஒயர் அறுந்து அதில் பட்டால் பிடித்த கை அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

"விடுங்கய்யா. என் பந்தல், நான் சொல்றேன். விட்டுட்டு உள்ள ஓடுங்க."

எல்லாரும் விட்டார்கள். ஏழுமலை மட்டும் முன்காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நிச்சயத்தன்னிக்குப் பந்தலு சாஞ்சா எம் பொண்ண இன்னா சொல்லுவாங்க மாமா? ராசியில்லாதவளுன்னு சொல்ல மாட்டாங்க?"

சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? அவனைப் பிடித்து இழுத்தேன், கை பிரியவில்லை. பந்தல்கால் குழியை விட்டு எழும்பத் தொடங்கியது.

வாசற்படியில் நிச்சயப் புடவையோடு நின்ற அவன் மகள் சொன்னாள்: "யப்பா, நீ வுடலன்னா நானும் அங்க வந்து நிப்பேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு படி இறங்கினாள்.

அப்போதுதான் அவன் கை விட்டது. நாங்கள் உள்ளே போகவும், பந்தல் மொத்தமாய்க் கிளம்பிச் சுழன்று, அவன் நின்ற இடத்திலேயே குத்திட்டு விழுந்தது. (என் கட்டு ஒன்றுகூட அவிழவில்லை — குழிதான் விட்டுக்கொடுத்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.)

இடி அடங்கும்வரை யாரையும் வாசல் தாண்ட விடவில்லை. கரண்ட் இல்லை. ஏழுமலையின் உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம். மாப்பிள்ளையின் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ…

"அண்ணே, கைய கழுவிகினு வாங்க," என்றார் அந்தம்மா. "தட்டு மாத்தணும்ல."

செல்போன் வெளிச்சத்தில் தட்டு மாறியது.

பந்தல் போனால் என் குடோனில் இன்னொன்று இருக்கிறது. இன்னொரு ஏழுமலை எந்தக் குடோனிலும் இல்லை.