மூங்கில் தட்டியைத் தூக்கி எறிந்தவருக்கு

என் அப்பாவை அவருடைய வீட்டைவிட்டுத் துரத்தியது நீங்கள்தான், எஞ்சினியர் சார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். அடுத்தவர்களின் புகார் மனுக்களைப் பல வருஷமாக நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்று என் மனுவை எழுதுகிறேன்.

வீடு அப்பாவுடைய தாத்தா கட்டியது. கனத்த சுண்ணாம்புச் சுவர்கள், நடுவில் திறந்த முற்றம். திருச்சி என்றால் வெயில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். மார்கழியில் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவில் இரண்டு மாத மழையைக் குடித்த தரை. விடிகாலையில் ஈரம் எலும்பு வரைக்கும் இறங்கும். அப்பாவுக்கு இழுப்பு உண்டு. அந்த மாதத்தைத் தாண்டுவதுதான் அவருக்கு வருஷத்தைத் தாண்டுவது.

ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். முற்றத்தின் வாய்க்கு அளவெடுத்து மூங்கில் தட்டி ஒன்று செய்து, பழைய கப்பிகளில் கயிறு கோத்து, கீழே நின்றபடியே திறந்து மூடுகிற மாதிரி அமைத்திருந்தார். காலை எட்டு மணிக்குத் திறப்பார். தரையிலும் சுவரிலும் பகல் முழுக்க வெயில் விழும், காற்று ஈரத்தை வெளியே கொண்டுபோகும். நாலு மணிக்கு மூடுவார். சாயங்காலம் சுவரில் முதுகைச் சாய்த்தால் இளஞ்சூடாக இருக்கும், சற்று முன் இறக்கி வைத்த பானை மாதிரி. வேறு எந்தக் கருவியும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அந்த நாலு மணிக்காக அவர் எதையும் விட்டுவிடுவார். சமயபுரத்தில் என் தங்கச்சி மகளுக்கு மொட்டை போட்ட அன்று, பந்தியில் பாயசம் வருவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றாள் தங்கச்சி.

"தட்டிய மூடணும்மா. நாலாகப் போகுது."

"தட்டியையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க, அம்மாவாச்சும் நிம்மதியா இருந்திருக்கும்."

"அவளும் இருந்தவரைக்கும் இதையேதான் சொன்னா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

தப்பு என்னிடம் தொடங்கியது, மறைக்கவில்லை. குரங்குத் தொல்லை. தட்டி திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே குதித்து, சமையலறையைக் கலைத்துவிட்டுப் போகும். பழைய வீடுகளைப் பழமை கெடாமல் கதகதப்பாக்கித் தருகிறேன் என்று நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்து, நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். நான் கேட்டது ஒரு கம்பி வலை. வலை மட்டும்.

நீங்கள் வந்தீர்கள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தீர்கள். "என்ன மேடம், கிணத்துக் கயிறெல்லாம் கூரையில கட்டி வச்சிருக்கீங்க?"

அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். முழுதாகக் கேட்கக்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை. "ஐயா, நீங்க ஹாயா உக்காருங்க. இனிமே உங்களுக்குத் திறக்குற வேலையும் இல்ல, மூடுற வேலையும் இல்ல. நிரந்தரமா மூடிடுறோம்."

வலையைவிட இதுதான் நல்லது என்றீர்கள், நானும் நம்பித் தலையாட்டினேன். மூடினீர்கள். மேலே தகர ஷீட், அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, அதன் மேல் ஈரம் தாங்கும் என்று ஒரு பளபள பெயிண்ட். தூண்களுக்கு மட்டும் எண்ணெய் தடவினீர்கள், வீடியோவில் அதுதானே தெரியும். தட்டியை உங்கள் ஆட்கள் குப்பை வண்டியில் தூக்கிப் போட்டார்கள். அப்பா வாசலில் நின்று வண்டி திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைத் தூண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படம் எடுத்தீர்கள். சிரிக்கச் சொன்னீர்கள். அவரும் சிரித்தார்.

கார்த்திகை மழையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அழுத்தினால் தண்ணீர். மார்கழியில் சுவர் சில்லென்று ஆகி, பகலிலும் அப்படியே இருந்தது. உங்களுக்கு போன் போட்டேன். "வயசானா அப்படித்தான் மேடம் குளிரும். வீட்ல குறை ஒண்ணும் இல்ல. ஹீட்டர் வாங்கி வைங்க," என்றீர்கள். வாங்கி வைத்தேன். அந்தச் சூட்டில் அடைபட்ட ஈரம் வேர்த்து, சுவரில் தண்ணீர் வழிந்தது. அந்த வாரமே அப்பாவுக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரி. இந்த வீட்டில் இவரை வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் எடமலைப்பட்டி புதூரில் தங்கச்சியின் ஃப்ளாட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். தினமும் நாலு மணிக்கு எனக்கு போன் வரும். நலமா என்றெல்லாம் கேட்பதில்லை.

"சுவர் காஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி. நாளைக்குக் கேக்குறேன்."

அவருக்கு எண்பத்து மூன்று வயது. தன் வீட்டில் ஒரு மார்கழி இருந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது.

தகரத்தை நானே ஆள் வைத்துப் பிடுங்கினேன். குரங்குக்கு வலை போட்டாயிற்று, அரை நாள் வேலை. சுவருக்குத் திருச்சி டவுனிலிருந்து ஒரு கொத்தனார் பாய் வந்தார். சிமெண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மனுசன் மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி பொத்தி வச்சிருக்கானேம்மா," என்றார். கொத்த ஆரம்பித்திருக்கிறார். எப்போது காயும் என்று கேட்டால், "அல்லாவுக்குத்தான் தெரியும், பொத்தினவனைக் கேளுங்க," என்கிறார். கொத்திய சிமெண்டைக் கொட்டவிடாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். கொப்புளத்தோடு இருக்கிற துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

போன வாரம் உங்கள் ஆள் என் கடைக்கு வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. வரும் ஞாயிறு மூன்று மணிக்குத் தென்னூர் மண்டபத்தில், பழைய வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் பேசப்போகும் கூட்டத்துக்கான நோட்டீஸ். ஐந்நூறு நகல் வேண்டும் என்றார். நோட்டீஸில் என் அப்பா. தூண் பக்கத்தில், நாற்காலியில், சிரித்தபடி. கீழே "கதகதப்பான பழைய வீடு" என்று கொட்டை எழுத்து.

நகல் எடுத்தேன், இரண்டு பக்கமும். பின்பக்கத்தில் எங்கள் சுவரின் படம் இருக்கிறது, கொப்புளங்களோடு. கட்டுக் கட்டி, மேலே தாள் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். உங்கள் ஆள் பிரித்துப் பார்க்கவில்லை. இதற்குள் தென்னூரில் வீடு வீடாகப் போயிருக்கும். எனக்கு வருத்தமில்லை. எடுத்து முடித்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள், வர மாட்டேன். நாலு மணிக்கு என் போன் அடிக்கும், ஸ்பீக்கரில் போடுவேன். அப்பா வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார். இத்தனை நாள் நான் பதில் சொன்னேன். அன்று நீங்கள் சொல்ல வேண்டும். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அந்தச் சுவர் எப்போது காயும்?