திரும்பக் கொண்டுவந்து விட்ட பூனைகள்

மீட்டர் அக்காவைத் தெரியாதவர்கள் அந்த வார்டில் கிடையாது. குடிநீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அவள் வேலை. வீட்டுக்கு வீடு வாசலில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். அதைக் கொக்கியால் நெம்பித் தூக்கி, குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து, மறுபடி மூடிவிட்டு நடப்பாள். பில் கூடிப்போனாலும் திட்டு அவளுக்குத்தான், குழாயில் காற்று வந்தாலும் திட்டு அவளுக்குத்தான். எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு அடுத்த வீட்டு மூடியை நெம்பப் போய்விடுவாள்.

மூடிகளை நெம்புவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெயிலில் சூடேறிய இரும்பு, தெருப்பூனைகளுக்கு மெத்தை. ஒவ்வொன்றையும் கிளப்பியாக வேண்டும். ரொட்டிக்கடை வாசலில் படுத்திருக்கும் செம்பட்டைக்கு மகாராணி என்று பெயர். கொக்கியால் தட்டினாலும் நகராது, இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். வாத்தியார் வீட்டு நொண்டி, கொட்டாவி விட்டுத்தான் எழுந்திருக்கும். மாடிப்படிக் கறுப்பு இவளைக் கண்டதுமே தானாக இறங்கி, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மேலதிகாரியே வந்து நிற்கிறமாதிரி இருக்கு என்று இவள் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் நகராட்சி, தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்ய ஒரு சங்கத்துக்கு மானியம் கொடுத்தது. கொடுத்தது ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்று வேண்டும், அதில் பொதுமக்கள் சார்பாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பூனை விஷயத்துக்கு எவன் வருவான்? "மீட்டர் அக்காதான் தெருத்தெருவா சுத்துது, அதையே போட்டுடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது உப்புக்குச் சப்பாணிப் பதவி. அவளுக்கு அப்படி எதையும் அரைகுறையாகச் செய்ய வராது.

விதி எளிமையானது. பூனையை எந்தத் தெருவில் பிடித்தார்களோ அந்தத் தெருவிலேயே திரும்ப விட வேண்டும். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். மீட்டர் அக்கா தெருவில் காதைப் பார்த்துவிட்டு, "வேலை சரியா நடந்திருக்கு" என்று பொதுக்கூட்டத்தில் ஜனங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் மீதி மானியம் வரும், அடுத்த வார்டுக்கும் வேலை நீளும். சொல்லாவிட்டால் எல்லாம் அங்கேயே நின்றுபோகும்.

பூனை பிடித்து, வண்டி ஓட்டும் ஆள் அவளுடைய சொந்தத் தம்பி. தம்பி செய்யும் வேலைக்கு அக்கா கண்காணிப்பா, இது எந்த ஊர் நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி எந்த வேலையிலும் ஒட்டாதவன். பெண்டாட்டி பிரிந்து போனதும் அக்கா வீட்டு முன்னறைக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். குளி என்றால் குளிப்பான், தின்னு என்றால் தின்பான். மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவர். ஒருநாள் அவன் மூச்சு விடுகிறானா என்று அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்திருக்கிறாள். சங்கத்துக்காரர்கள் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையில் சேர்த்துவிட்டாள். சேர்ந்த அன்றே வீட்டில் விசில் சத்தம் கேட்டது. அவன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டு விசில் அடித்தான். அடுப்படியில் நின்று அவள் அழுதாள். அந்த விசிலுக்காக அவள் எதை வேண்டுமானாலும் செய்திருப்பாள்.

முதல் நாள் மாலை முடிவெட்டிக்கொண்டு வந்தான். "அழகா இருக்கடா" என்றாள். அவன் திருதிருவென்று விழித்தான். வண்டி ரிப்பேர், அதனால் பூனைகள் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாரம் ஆகும் என்றான். அந்த வாரம் முழுக்க முழங்கை வரை கீறலோடு வந்தான். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. விசில் நின்றுபோயிருந்தது. புது வேலை, அலைச்சல் என்று அவளே அவனுக்காகக் காரணம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு பூனைகள் திரும்பி வந்தன.

அடுத்த ரவுண்டில் மீட்டர் அக்கா மூடிகளை நெம்பினாள். எதிலும் பூனை இல்லை. நல்ல உச்சிவெயில், இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் மதில்மேல் இருந்தன. செம்பட்டை, கறுப்பு, சாம்பல் வரி என்று எல்லா நிறமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் இடது காது நறுக்கென்று வெட்டியிருந்தது. எல்லாம் முகத்தை வார்டின் ஓரத்து வாய்க்கால் இருக்கும் திசைக்குத் திருப்பி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவள் கொக்கியால் தரையில் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் திரும்பவில்லை.

ரொட்டிக்கடைக்காரி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மகாராணி! ஏ மகாராணி! வாடி, ரொட்டி வெச்சிருக்கேன்."

மதில்மேல் இருந்த செம்பட்டை திரும்பவே இல்லை.

"ஆபரேஷன் பண்ணா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்னு சங்கத்து டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். "நாம உள்ள போனப்புறம்தான் எறங்கி வந்து தின்னுது. பாத்துட்டு இருந்தா தொடமாட்டேங்குது."

"வாலு லேசா வளைஞ்சிருக்கே, முன்னாடி இருந்துச்சா?" என்று மீட்டர் அக்கா கேட்டாள்.

ரொட்டிக்கடைக்காரி கண்ணைப் பார்க்காமல், "யாரு கவனிச்சா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தினமும் அதை மடியில் போட்டுப் பேன் பார்த்தவள் சொல்கிற பதிலா அது?

கணக்கு வாத்தியார் வீடு சந்தின் முட்டில் இருந்தது. அவர் அந்தப் புழுக்கத்தில் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார். சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மொட்டைச் சுவரின் அடியில் அந்த நொண்டி உட்கார்ந்து, சுவரைப் பிராண்டிக்கொண்டிருந்தது. பிராண்டும், நிறுத்தும், காதைச் சுவரில் வைத்துக் கேட்கும், மறுபடி பிராண்டும்.

"தெனமும் வந்துடுதும்மா" என்று கதவிடுக்கு வழியாக வாத்தியார் சொன்னார். "யாரோ தெறந்து விடுவாங்கன்னு நெனைக்குது போல. அங்க கதவு இருந்ததே இல்லை. இந்த வீட்டைக் கட்டின நாள்லேருந்து எனக்குத் தெரியும்."

"நொண்டிக்குப் பின்னங்கால்தானே சார் ஊனம்? இது முன்னங்காலை இழுக்குதே."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் தம்பியின் வண்டி தெருமுனையில் திரும்பியது. கூண்டு எதுவும் இல்லாத காலி வண்டி. அது உள்ளே நுழைந்ததுதான் தாமதம், மதிலில் இருந்த பூனைகள் எல்லாம் எழுந்து நின்றன. ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தன. ஓடவில்லை, கத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டு போகிறவன் பின்னால் போவதுபோல வரிசையாக, பட்டப்பகலில், தெரு நடுவில் நடந்தன. தம்பி கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி ஓட்டினான். அவன் முகம் பேயறைந்த முகமாக இருந்தது. அக்காவைத் தாண்டிப் போனான், அவள் நிற்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இருபுறமும் வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வண்டி போனதும் திரைகளை இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்தாள். அந்தப் பக்கம் வீடுகள் கிடையாது, வரிசையாகக் கிடங்குகள். ஒரு காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் கட்டையோடு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி" என்றார் அவர், கேட்காமலே. "பயமே இல்லாம சுத்துது. எங்க பூனைங்க எல்லாம் ஒரே வாரத்துல காணாமப் போச்சு. எப்பப் பாரு கதவைப் பிராண்டிக்கிட்டு ஒரு நொண்டி இருந்துச்சு, முன்னங்காலை இழுத்துக்கிட்டே வரும். நான்தான் தெறந்து விடுவேன். இன்னும் கத்தற மாதிரியே இருக்கு, எழுந்து போய்த் தெறந்து பாக்கறேன். ஒண்ணும் இல்லை."

"வால் வளைஞ்ச செம்பட்டை?"

"ஆமா! பாத்தீங்களா எங்கயாவது?"

அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். பாலத்தில் ஏறும்போது அவளுக்குப் புரிந்துபோயிற்று. நிறத்துக்கு நிறம், ஊனத்துக்கு ஊனம் பார்த்து ஒருத்தன் இங்கே தேடித் தேடிப் பிடித்திருக்கிறான். கையெல்லாம் கீறலோடு பிடித்திருக்கிறான். அப்படியானால் அவளுடைய மூடிகளில் படுத்திருந்தவை எங்கே? அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது, அவள் அதை அப்படியே விழுங்கினாள்.

வீட்டில் அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் பரிமாறினாள். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் கூட்டத்தில் அவள் சொல்லியாக வேண்டும். அப்புறம் மறுபடி அந்த முன்னறை, அந்தச் சுவர், மூக்கருகே வைத்துப் பார்த்த கை. அவன் அடிக்கடி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் குழம்புச் சட்டியைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் தம்பியின் முகம் இருக்கிறது, ஆனால் இவன் யார் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்கே பயந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்றாள்.

கூட்டம் வரை இப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம். பூனைக் கூட்டத்துக்கு என்றுமில்லாத திருநாளாக நாற்காலி போதவில்லை. மேடையில் கவுன்சிலர், டாக்டரம்மா, மீட்டர் அக்கா. கடைசி வரிசையில் தம்பி. அவ்வளவு ஜனம் உட்கார்ந்திருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கவுன்சிலர் மைக்கை அவள் கையில் கொடுத்தார். "சொல்லுங்க அக்கா, வேலை சரியா நடந்திருக்கா?"

அவள் எழுந்தாள். "எல்லாத் தெருவிலயும் பூனை இருக்கு" என்றாள். "எல்லாத்துக்கும் காது வெட்டியிருக்கு."

பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொல்லிவிட்டு நின்றபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவ்வளவுதானே! பொதுமக்கள்ல யாருக்காவது ஆட்சேபணை?"

ரொட்டிக்கடைக்காரி மடியைப் பார்த்தாள். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். கவுன்சிலர் கைதட்டுவதற்காகக் கையைத் தூக்கினார்.

"எனக்கு இருக்கு" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தம்பி எழுந்து நின்றிருந்தான்.

"இந்தப் பூனைங்க உங்களோடது இல்லை. உங்களோடதை முத நாளே பிடிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, புது வேலையாச்சே, ஆளு பாக்க நல்லா இருக்கணும்னு முடிவெட்டப் போனேன். வண்டியை வெயில்ல நிறுத்திட்டேன். கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு. கடையில கூட்டம்... வந்து தெறந்தேன். ஒண்ணுகூட உசிரோட இல்லை. யார்கிட்டயும் சொல்லலை. கிடங்குப் பக்கம் போய் அதே மாதிரி தேடிப் பிடிச்சேன். அதுங்களுக்குத்தான் டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கூடம் கத்தும், நாற்காலி பறக்கும் என்று மீட்டர் அக்கா எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி மெதுவாக எழுந்தாள்.

"மகாராணியுமா தம்பி?"

"ஆமாக்கா. கதவோரமா இருந்துச்சு."

அவள் உட்கார்ந்தாள். வாத்தியார் எழுந்தார். "நொண்டி?"

"ஆமா சார்."

"எங்க மாடிப்படிக் கறுப்பு?"

"ஆமாம்மா."

ஒருத்தர் உட்கார இன்னொருத்தர் எழுந்தார். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பூனைகள் திரும்பி வந்த முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சோறு வைத்து, கதவைச் சாத்தி, வாயையும் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவன் ஒன்றைக்கூட யோசித்துச் சொல்லவில்லை. எந்தப் பூனை, எந்தக் கூண்டு, எப்படிக் கிடந்தது என்று எல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டு முடித்தபோது கூடத்தில் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

மீட்டர் அக்கா மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. "வாடா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அவன் அசையவில்லை. முடிவெட்டிக்கொண்டு வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அவள் தம்பிதான்.

"எல்லாரும் கேட்டுட்டாங்கக்கா" என்றான். "நீ மட்டும் கேக்கவே இல்லையே. தட்டுல சோத்தைப் போடறப்பல்லாம், இன்னிக்காவது கேட்டுடுவன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."